சரிவு வீட்டின் கீழ்த்தளத்தை வாழும் அறையாக்குவது எப்படி? குமரி மாவட்டத்துக்கான முழுமையான வழிகாட்டி

குலசேகரம், திருவட்டாறு, அருமனை, தக்கலைப் பகுதிகளில் சரிவு நிலத்தில் கட்டிய வீடுகளுக்குப் பொதுவான ஓர் அமைப்பு உண்டு. சாலை மேலே இருக்கும். வீட்டுக்குள் நுழைவதும் அந்த மட்டத்திலேயே. பின்புறம் நிலம் இறங்கிப் போவதால் முன்னறைக்கு அடியில் இன்னொரு தளம் கிடைத்துவிடுகிறது. அதன் ஒரு சுவரோ மூன்று சுவர்களோ மண்ணோடு ஒட்டி நிற்கும். மிச்சப் பக்கம் ரப்பர் தோட்டத்தையோ வாழைத் தோப்பையோ பார்த்துத் திறந்திருக்கும். பெரும்பாலான வீடுகளில் விறகு, தேங்காய், கால் உடைந்த கட்டில், காயவைத்த ரப்பர் ஷீட் என்று மேலே இடம் கிடைக்காத பொருட்கள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேருகின்றன.

கூரையும் சுவரும் ஏற்கெனவே உள்ள ஓர் இடத்தை இப்படி விட்டுவைப்பது நட்டம். மேல்மாடி எழுப்பினால் புதிதாகத் தூணும் தளமும் வேண்டும். இங்கே அவை வேண்டாம். சித்திரை மாதத்து மதியத்தில் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையைவிட இந்த அறை தெளிவாகவே குளிர்ச்சியாக இருக்கும். ஆனால் இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் வரிசை தவறுவதால்தான். பங்குனியில் சுவர் காய்ந்து கிடப்பதைப் பார்த்துப் புட்டி பூசி, பெயின்ட் அடித்து, சுவரோடு சுவராகப் பிளைவுட் அலமாரியும் அடித்துவிடுகிறார்கள். கார்த்திகையில் புட்டி பொரிந்து உதிர்கிறது. அலமாரியின் பின்பலகையில் பூஞ்சணம் படர்கிறது. ஆண்டுக்கு இரண்டு பருவமழை பெறும் மாவட்டம் நம்முடையது. ஜூன் முதல் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை. இங்கே கீழ்த்தளத்துக்கான பணத்தில் பெரும்பங்கு அறைக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தண்ணீரைத் திருப்பிவிடுவதற்குச் செலவாக வேண்டும். அழகு வேலை கடைசியில் வரட்டும்.

படி 1: உங்கள் நிலம் இதற்கு ஏற்றதா?

கல்குளம், திருவட்டாறு, விளவங்கோடு வட்டங்களின் மேட்டு நிலச் சரிவுகள் பொதுவாக ஏற்றவை. மண்ணுக்குள் வரும் தண்ணீர் இறங்கிப் போக வீட்டுக்குக் கீழே இடம் இருக்கிறது என்பதுதான் அவற்றின் பலம். வயலை மண் நிரப்பி உயர்த்திய மனை, குளத்தங்கரை, ஆற்றுப்படுகையை ஒட்டிய தாழ்வு ஆகியவற்றில் நிலைமை வேறு. அங்கே மழைக்காலத்தில் நிலத்தடி நீர் தரைமட்டம் வரை ஏறிவிடும். 2021 நவம்பர் வெள்ளத்தில் தாழ்வான பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் நின்றதை இந்த மாவட்டத்தில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அத்தகைய மனையில் கீழ்த்தளத்தைச் சாமான் வைக்கும் இடமாகவே விட்டுவிடுவது நல்லது.

சானல் (பாசனக் கால்வாய்) கரையில் வீடு இருந்தால் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். பேச்சிப்பாறை, பெருஞ்சாணி அணைகளிலிருந்து பாசனத்துக்கு வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் தண்ணீர் திறக்கப்படும்; பிப்ரவரி இறுதி வரை அது ஓடும். சானல் அடைத்திருக்கும் மார்ச் முதல் மே வரை உலர்ந்து தெரியும் சுவர், சானல் திறந்த சில நாட்களில் மழையே இல்லாமல் ஓதம் காக்க, அதாவது உள்ளிருந்து ஈரம் ஊறத் தொடங்கலாம். கோடையில் வீடு வாங்குபவர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள்.

கடற்கரை ஊர்களில் புதிதாக நிலவறை தோண்ட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மணலில் நீர்மட்டம் மேலே இருக்கும். அந்த நீரில் உப்பும் இருக்கும். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் மோனசைட் என்ற தோரியக் கனிமம் இருப்பதும், அதைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசு நிறுவனத்தின் ஆலை அங்கே இயங்குவதும் நாம் அறிந்தவையே. தோரியமும் யுரேனியமும் சிதையும்போது தோரான், ரேடான் என்ற கதிரியக்க வாயுக்கள் வெளியாகின்றன. திறந்த வெளியில் காற்று அவற்றைக் கொண்டுபோய்விடும். மண்ணுக்குள் அடைபட்ட அறையில் அவை தேங்கும். மலையடிவாரத்தில் இருப்பவர்களும் கடல் மணலைத் தரை நிரப்பவோ சுவர் பூசவோ பயன்படுத்தக் கூடாது. அதிலுள்ள உப்பு கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அரித்துவிடும்.

படி 2: ஒரு மழைக்காலம் முழுக்க அறையைக் கவனியுங்கள்

அறையைக் காலி செய்யுங்கள். சுவரோடு எதுவும் சாய்ந்திருக்க வேண்டாம். ஐப்பசி தொடங்கியதும் ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு கரித்துண்டு, ஒரு டார்ச் விளக்கு ஆகியவை போதும். ஈரம் எட்டிய உயரத்தைச் சுவரில் கரிக்கோடாக வரைந்து தேதியை எழுதுங்கள். மழை எப்போது பெய்தது, ஈரம் எப்போது தெரிந்தது என்ற இரண்டையும் குறித்து வையுங்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை இந்த இடைவெளி சொல்லிவிடும்.

மழை பெய்துகொண்டிருக்கும்போதே சுவர் நனைந்தால் அது மேல்தண்ணீர்: கூரை நீர் வீட்டோரம் விழுகிறது, அல்லது முற்றத்தின் சரிவு வீட்டைப் பார்த்து இருக்கிறது. மழை விட்டு ஓரிரு நாள் கழித்து ஈரம் ஏறினால், மேட்டுப் பக்கத்து மண் குடித்த நீர் மெல்ல இறங்கி வருகிறது என்று பொருள். மழைக்கும் வெயிலுக்கும் ஒரே மாதிரி நனைந்திருக்கும் ஒரு திட்டு, மேலே உள்ள குளியலறைக் குழாயையோ கழிவுநீர்த் தொட்டியையோ காட்டுகிறது. இரவில் மேல்தொட்டியின் வால்வை அடைத்துவிட்டுக் காலையில் நீர்மட்டத்தைப் பாருங்கள். குறைந்திருந்தால் தொட்டியிலோ வால்வுக்கு முந்தைய குழாயிலோ கசிவு. குறையவில்லை என்றால் வால்வைத் திறந்து, எல்லாக் குழாய்களையும் மூடிவைத்து இன்னொரு இரவும் பாருங்கள். அப்போது குறைந்தால் வீட்டுக்குள் ஓடும் குழாயில் கசிவு.

தரைக்கு ஒரு எளிய சோதனை உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கனமான தெளிந்த பிளாஸ்டிக் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரங்களையும் டேப்பால் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒரு முழு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கு அடியில் நீர்த்துளி நின்றால் ஈரம் மண்ணிலிருந்து ஏறுகிறது. தாளின் மேற்பரப்பு நனைந்திருந்தால் அது அறைக் காற்றின் ஈரம்; அதற்கு மருந்து காற்றோட்டம். சுவரிலும் இதையே செய்யலாம். தரையின் நடுவில் ஒன்று, மண் பக்கச் சுவரின் அடியில் ஒன்று, மூலையில் ஒன்று எனப் பல இடங்களில் ஒட்டிப் பார்ப்பது முக்கியம்.

சுவரில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அது பூஞ்சணம் என்று எண்ணிவிட வேண்டாம். விரலில் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள், கரைந்தால் உப்பு. சுவருக்குள் ஊறி வந்த நீர் ஆவியாகும்போது விட்டுச் சென்ற மிச்சம் அது. உப்பு பூத்த உயரம்தான் தண்ணீர் ஏறிய உயரம்.

படி 3: சுவரின் பலமும் அனுமதியும்

விரிசல்களைப் பாருங்கள். பூச்சில் மட்டும் ஓடும் மயிரிழைக் கோடுகள் பெரிய விஷயம் இல்லை. மண் பக்கச் சுவரின் நடு உயரத்தில் படுக்கைவசமாக ஒரு விரிசல் ஓடி, சுவர் உள்ளே லேசாகப் புடைத்திருந்தால் மண்ணின் அழுத்தத்தைச் சுவர் தாங்கவில்லை. வேலையை அங்கேயே நிறுத்திக் கட்டமைப்புப் பொறியாளரை அழைக்க வேண்டும். கூரைத்தளத்தின் அடிப்பகுதியில் பழுப்புக் கறை, உதிர்ந்த கான்கிரீட், வெளியே தெரியும் துருக்கம்பி ஆகியவை இருந்தாலும் அப்படியே. இவற்றைப் பொய்க்கூரை போட்டு மறைப்பது வீட்டாரின் உயிரோடு விளையாடுவது.

உயரத்தையும் அளந்துவிடுங்கள். தேசியக் கட்டிட விதித்தொகுப்பு வாழும் அறைக்கு 2.75 மீட்டரும், நிலவறைக்குக் குறைந்தது 2.4 மீட்டரும் கேட்கிறது. உயரம் போதவில்லை என்று தரையைத் தோண்டி இறக்கும் யோசனை இங்கே அடிக்கடி எழும். பழைய கருங்கல் அடித்தளத்தின் பக்கத்து மண்ணை எடுத்தால் அதன் பிடிமானம் போகும். பொறியாளர் வரைபடம் இல்லாமல் ஒரு கூடை மண்ணும் எடுக்கக் கூடாது.

கீழ்த்தளத்தைக் குடியிருக்கப் பயன்படுத்தலாமா, எந்தப் பயன்பாட்டுக்கு அனுமதி உண்டு என்பதை உங்கள் ஊராட்சி, பேரூராட்சி அல்லது நகராட்சியில் எழுத்தில் கேட்டுப் பெறுங்கள். 2019ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளின் கீழ்தான் அவர்கள் பார்ப்பார்கள். மலையிடப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் உங்கள் கிராமம் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். இருந்தால் மண் வெட்டவே தனி அனுமதி வேண்டும்.

படி 4: வெளியே வரும் தண்ணீரை வெளியிலேயே திருப்புங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

கூரையிலிருந்து தொடங்குவோம். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 9,300 லிட்டர் தண்ணீர் இறங்கும். ஐப்பசியில் அது ஒரே இரவில் பெய்துவிடலாம். அத்தனை நீரும் இரண்டு குழாய்கள் வழியாகச் சுவரோரம் விழுந்தால் எந்தப் பூச்சாலும் அறையைக் காப்பாற்ற முடியாது. மாடியிலிருந்து வரும் ஒவ்வொரு குழாயையும் நீட்டி, வீட்டுச் சுவரிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி, சரிவின் கீழ்ப்பக்கம் கொண்டு விடுங்கள். மழைநீர் சேகரிப்புக் குழியை மேட்டுப் பக்கத்தில் தோண்டியிருந்தால் அதை மூடிவிட்டுக் கீழ்ப்பக்கத்துக்கு மாற்றுங்கள். கீழ்த்தளச் சுவரின் பின்னால் மழைநீரைச் சேகரிப்பது அறைக்குள் சேகரிப்பதற்குச் சமம்.

அடுத்தது முற்றம். வீட்டை ஒட்டிய முதல் பத்தடியில் நிலம் வெளிப்பக்கமாக ஆறு அங்குலமாவது இறங்க வேண்டும். சரிவு மனையில் மேட்டுப் பக்கத்து நிலம் இயல்பாகவே வீட்டை நோக்கி இறங்கும். அதற்குத்தான் குறுக்கு ஓடை தேவை. சுவருக்கு ஆறு முதல் பத்தடி மேலே, மனையின் குறுக்காக, இரண்டு மூன்றடி ஆழத்தில் ஒரு சால் வெட்டுங்கள். அடியில் வடிகட்டித் துணி விரித்து, அதன்மேல் ஜல்லி, துளையிட்ட நான்கு அங்குல பி.வி.சி. குழாய், மறுபடியும் ஜல்லி. துணியை மேலே மடித்து மூடி, கடைசியாக மண். நூறு அடிக்கு ஓரடி என்ற சரிவில் குழாய் ஓடட்டும். வீட்டைச் சுற்றிக்கொண்டு போய்ச் சரிவின் கீழே வெளிச்சத்தில் அது வாய் திறக்க வேண்டும். அந்த வாய் உங்கள் நிலத்துக்குள்ளேயே இருக்கட்டும். பக்கத்து வீட்டுத் தடுப்புச்சுவரின் தலையில் தண்ணீரை விட்டால் அவர் வீட்டுக் கீழ்த்தளத்தை நீங்கள் கெடுக்கிறீர்கள். துணியை விட்டுவிட்டால் ஓரிரு மழைக்குள் செம்மண் குழம்பு ஜல்லியை அடைத்துவிடும்.

சுவரை ஒட்டியே அடித்தள மட்டம் வரை தோண்டி வெளிப்பக்கம் நீர்ப்புகாப் பூச்சு அடிப்பதுதான் முழுமையான தீர்வு. ஆனால் எட்டடி, பத்தடி ஆழச் சால் ஆபத்தானது. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான எந்தப் பள்ளத்திலும் பக்கவாட்டு முட்டு இல்லாமல் ஆளை இறக்கக் கூடாது. ஈரச் செம்மண் முன்னறிவிப்பு இல்லாமல் சரியும். செய்வதானால் தை, மாசியில், பொறியாளர் மேற்பார்வையில், சிறுசிறு நீளமாகத் தோண்டி மூடிக்கொண்டே போக வேண்டும். மழைக்காலத்தில் இதைத் தொடங்கவே கூடாது.

தடுப்புச்சுவரின் கசிவுத் துளைகளைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். துளை வழியே தண்ணீர் வருகிறதே என்று சிமென்ட் வைத்து அடைத்துவிடும் பழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. சுவருக்குப் பின்னால் ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால் அதன் அடியில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய ஒரு டன் அழுத்தம் விழும். உயரம் இரண்டு மீட்டரானால் இரண்டு டன். அந்த அழுத்தத்தை இறக்கிவிடுவதுதான் துளையின் வேலை. அடைத்திருந்தால் திறந்துவிடுங்கள், தண்ணீர் வரட்டும், அதை ஏந்திக்கொள்ள அடியில் ஓர் ஓடை அமையுங்கள்.

வெளியே தோண்ட வழியில்லாத வீடுகளில் உள்ளே ஓர் ஓடை வைக்கலாம். மண் பக்கச் சுவரின் அடியில் நான்கு அங்குல அகலத்தில் சிறு கால்வாய் எடுத்து, திறந்த பக்கம் வழியாகத் தோட்டத்துக்கு விடுவது. பலகை மூடியோ கல் மூடியோ போட்டுவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. சரிவு வீடுகளில் இந்த நீர் தானாக ஓடிவிடும், மோட்டார் தேவையில்லை. தானாக ஓடுவது எவ்வளவு பெரிய வரம் என்பதை 2017 நவம்பர் 30 ஒக்கிப் புயல் காட்டியது. பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. பம்பை நம்பியிருக்கும் கீழ்த்தளத்துக்குப் பம்பு மிகவும் தேவைப்படும் நேரமும் மின்சாரம் போகும் நேரமும் ஒன்றாகவே வரும். பம்பு வைத்தே ஆக வேண்டுமென்றால் இன்வெர்ட்டர் இணைப்போடு வையுங்கள்.

படி 5: உள்சுவரும் தரையும்

ஓதம் ஏறிய கோட்டுக்கு ஓரடி மேல் வரை பழைய பூச்சைக் கல் தெரியும்படி கொத்தி எடுங்கள். கம்பித் தூரிகையால் உப்பைத் தேய்த்து நீக்குங்கள். நீர் பொசியும் விரிசல்களுக்கு பாலியூரித்தேன் பிசினை ஊசியால் உள்ளே செலுத்தும் முறை பொருந்தும். உலர்ந்த விரிசல்களுக்கு எபாக்சி பிசின்.

உள்ளே எந்தப் பூச்சு என்பதில் கடைக்காரர் சொல்வதை அப்படியே கேட்க வேண்டாம். மொட்டை மாடிக்கு அடிக்கும் தார்ப் பூச்சும் அக்ரிலிக் பூச்சும் மேலிருந்து வரும் நீருக்கானவை. இங்கே தண்ணீர் சுவரின் பின்னாலிருந்து தள்ளுகிறது. அவை கொப்புளம் போட்டு உரியும். கான்கிரீட் சுவருக்குப் படிகமாகும் வகைச் சிமென்ட் பூச்சு ஏற்றது. அது ஈரத்தோடு சேர்ந்து நுண்துளைகளுக்குள் படிகமாக வளர்ந்து அடைக்கும். கருங்கல், செங்கல் சுவர்களில் முதலில் அடர்த்தியான சிமென்ட் பூச்சு, அதன்மேல் இது. இதுவும் இரண்டாவது காவல்தான். நான்காம் படியைத் தவிர்த்துவிட்டு இதை மட்டும் செய்தால் தண்ணீர் வேறு வழி தேடிக்கொள்ளும்.

தரையைப் புதிதாகப் போடும் வாய்ப்பு இருந்தால் வரிசை இதுதான்: இடித்துக் கெட்டியாக்கிய மண், கரையான் தடுப்பு மருந்து, நான்கு முதல் ஆறு அங்குலம் ஜல்லி, 250 மைக்ரான் பாலித்தீன் தாள், நான்கு அங்குல கான்கிரீட். தாளின் இணைப்புகள் ஓரடியாவது ஒன்றன்மேல் ஒன்று படிந்து ஒட்டப்பட வேண்டும்; ஓரம் சுவரில் சிறிது ஏற வேண்டும். கான்கிரீட்டுக்குக் குறைந்தது ஏழு நாள் தண்ணீர் விட்டபின் அதைக் காய விடுங்கள். ஓர் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்பது கட்டுமானத்தில் பொதுவான கணக்கு. மரத்தரை, வினைல் ஷீட் போன்றவை விரிப்பதற்கு முன் பிளாஸ்டிக் தாள் சோதனையை மறுபடியும் செய்யுங்கள்.

தரை பழையதாக இருந்து மாற்ற இயலாது என்றால், கரையானுக்குச் சுவரும் தரையும் சேரும் கோட்டில் ஓரடிக்கு ஒரு துளை இட்டு மருந்து செலுத்தும் முறை இருக்கிறது. மரவேலைக்கு முன் இதை முடித்துவிட வேண்டும்.

படி 6: காற்றும் வெளிச்சமும்

நம் வகை ஈரவெப்பப் பகுதிகளுக்குச் சன்னல் பரப்பு தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்கு இருக்க வேண்டும் என்று விதித்தொகுப்பு சொல்கிறது. திறந்த பக்கத்தில் இதைத் தாராளமாகவே வைக்கலாம். ஆனால் ஒரே பக்கம் சன்னல் இருந்தால் காற்று உள்ளே வந்து திரும்பிவிடும். மண் பக்கத்து மூலையில் தேங்கும் காற்று அசையாது. அந்த மூலையிலிருந்து ஒரு குழாயைக் கூரைத்தளத்தின் அடியோடு கொண்டுவந்து எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து வெளியேற்றினால் போதும். தேங்கும் ரேடானைக் குறைக்கவும் காற்றோட்டம் உதவும்.

சன்னலை எப்போதும் திறந்தே வைப்பதும் தவறு. ஆனி, ஆடிச் சாரலில் வெளிக்காற்றே ஈரத்தால் கனத்திருக்கும். அது குளிர்ந்த சுவரில் படும்போது ஈரம் கூடும். ஈரப்பதமானி ஒன்றை வாங்கி மாட்டுங்கள். பெரிய விலை இல்லை. அறைக்குள் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. அதைத் தாண்டும் நாட்களில் சன்னலை மூடி, ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தையோ ஏ.சி.யையோ ஓடவிடுங்கள். வெயில் அடிக்கும் பகல்களில் அகலத் திறந்துவிடுங்கள்.

படி 7: மின்சாரம், எரிவாயு, கழிப்பறை, படிக்கட்டு

எரிவாயு சிலிண்டர் கீழ்த்தளத்தில் கூடவே கூடாது. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தேங்கி ஒரு தீப்பொறிக்குக் காத்திருக்கும். காலி சிலிண்டருக்கும் இதுவே விதி. ஜெனரேட்டரையும் உள்ளே வைக்காதீர்கள். அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூங்குகிறவர்களை எழுப்பாமலே கொல்லும். தண்ணீர் ஊற்றும் வகை இன்வெர்ட்டர் பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியாகும். அதற்கு இடம் மேல்தளத்துக் காற்றோட்டமான மூலை.

கீழ்த்தளத்துக்குத் தனி மின்சுற்று, மின்கசிவு ஏற்பட்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., மேல்தளத்தில் அதன் கட்டுப்பாடு. பிளக் பாயின்டுகள் தரையிலிருந்து மூன்று நான்கடி உயரத்தில். மண் பக்கச் சுவருக்குள் வயரிங் புதைக்க வேண்டாம், மேலோட்டமாக பி.வி.சி. பட்டையில் ஓடட்டும்.

கழிவுநீர்த் தொட்டி சரிவின் கீழே இருந்தால் கழிப்பறை அமைப்பது எளிது. தொட்டி மேல் மட்டத்தில் இருந்தால் கழிவை மேலே தள்ளும் பம்பு வேண்டும். செலவும் பராமரிப்பும் கூடும், எனக்கு அதில் விருப்பம் இல்லை.

படிக்கட்டில் ஒவ்வொரு படியும் 19 சென்டிமீட்டருக்கு மேல் உயராமல், 25 சென்டிமீட்டருக்குக் குறையாத மிதியுடன் இருக்கட்டும். கைப்பிடி இரு பக்கமும். தோட்டத்துப் பக்கம் இன்னொரு கதவு கட்டாயம். தீப்பிடித்தால் படிக்கட்டுதான் முதலில் புகையால் நிறையும். அந்தக் கதவுக்கடியில் இடைவெளி இல்லாமல் ரப்பர் பட்டையும், ஓடை வாய்களில் கம்பி வலையும் வையுங்கள். ரப்பர் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் பாம்பு நுழையும் வழிகள் இவைதான்.

படி 8: என்ன அறையாக்கலாம்?

படிப்பறை, வீட்டிலிருந்தே அலுவலக வேலை செய்யும் அறை ஆகியவை முதல் தேர்வு. மண் பக்கச் சுவர் வெளியே எழும் சத்தத்தை விழுங்கிவிடுகிறது. வைஃபை சமிக்ஞை மேல்தள கான்கிரீட்டைத் தாண்டுவது கடினம் என்பதால் வேலை நடக்கும்போதே ஒரு கேபிளைக் கீழே இறக்கிவிடுங்கள். சுவர் சத்தத்தை விழுங்குவதால் இசைப் பயிற்சிக்கும் இந்த இடம் அருமையானது. மார்கழியில் கிறிஸ்துமஸ் பாடல் ஒத்திகைக்கு வீடு தேடும் குழுக்களை எல்லா ஊரிலும் பார்க்கிறோம். தையல் கூடம், மரவேலைக் கூடம், பிள்ளைகளுக்கு டியூஷன் அறை, ஊர்க்கொடைக்கும் திருவிழாவுக்கும் வளைகுடா நாடுகளிலிருந்து வரும் உறவினர் தங்கும் அறை என்று பட்டியல் நீளும்.

வீட்டுப் பெரியவர்களுக்கு இந்தக் குளிர்ச்சி பிடிக்கும். படி இறங்காமல் தோட்டத்து வழியாக வரும் சமதளப் பாதையும், அறையோடு சேர்ந்த கழிப்பறையும் இருந்தால் மட்டுமே அவர்களுக்குக் கொடுங்கள். எல்லாம் செய்தும் ஈரம் எண்பது சதவீதத்துக்குக் கீழே இறங்க மறுக்கும் அறை என்றால் அதோடு சண்டையிட வேண்டாம். சிப்பிக் காளானுக்கு அதுதான் தேவை. ஆனால் காளான் வித்துத்தூள் மூச்சுத்தொல்லை தரும். தனிக்கதவும் தனிக் காற்றுவழியும் உள்ள கீழ்த்தளத்தில் மட்டும் வளர்க்கலாம், மேலே படுக்கையறைக்குத் திறக்கும் படிக்கட்டு இருந்தால் வேண்டாம்.

வைக்கக் கூடாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். தேன் காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் புளித்துவிடும். கருப்பட்டி இளகி ஒழுகும். நெல் பூசணம் பிடிக்கும். ரப்பர் ஷீட் பூசணம் பிடித்துத் தரம் இறங்குவதோடு, அதன் வாசனை மேல்தளம் வரை ஏறும். இவை நம் வீடுகளில் நிச்சயம் இருக்கும் பொருட்கள் என்பதால் அறைத் திட்டத்தோடு இவற்றுக்கும் மேலே ஓர் இடம் பார்த்துவிடுங்கள்.

படி 9: அழகு வேலை

மண் பக்கச் சுவரை மறைக்காமல் விடுவதே எனக்குப் பிடித்த வழி. சுண்ணாம்பு அடித்தால் போதும்; சுவர் மூச்சுவிடும், ஈரம் வந்தால் அன்றே கண்ணில் படும். கருங்கல் சுவர் என்றால் இடுக்குகளை மட்டும் பூசிக் கல்லை அப்படியே காட்டலாம். எந்த வால்பேப்பரும் அதற்கு ஈடாகாது. மறைத்தே தீர வேண்டுமென்றால் சுவரிலிருந்து மூன்று அங்குலம் தள்ளி, துருப்பிடிக்காத இரும்புச் சட்டத்தில் சிமென்ட் ஃபைபர் பலகை அடியுங்கள். மேலும் கீழும் காற்றுப் போக இடைவெளி இருக்கட்டும். ஜிப்சம் பலகையும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் இங்கே ஊறி உப்பும்.

தரைக்கு வழுக்காத டைல்ஸ் அல்லது நம் பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரை. மரம் வேண்டுமென்றால் அயனி, பலா ஆகியவற்றின் வைரம் பாய்ந்த கட்டை கரையானைத் தாங்கும். பக்குவம் செய்யாத ரப்பர் மரம் ஓரிரு ஆண்டில் துளைத்துப் போய்விடும். அலமாரிகளுக்குக் கால் வைத்து, சுவரிலிருந்து கையளவு தள்ளி நிறுத்துங்கள். உயரம் குறைந்த அறையில் பொய்க்கூரை வேண்டாம். தளத்தின் அடியில் வெள்ளை அடித்து, விளக்குகளைச் சுவரில் வைத்து மேல்நோக்கி எரியவிட்டால் அறை உயர்ந்து தெரியும்.

படி 10: வேலைகளின் கால வரிசை

ஐப்பசி, கார்த்திகையில் கவனிப்பு. மார்கழியில் பொறியாளர், அனுமதி, மதிப்பீடு. தை, மாசியில் வெளி ஓடையும் மண் வேலையும். பங்குனி, சித்திரையில் சுவர்ப் பூச்சு, தரை, வயரிங். பிறகு நிறுத்துங்கள். ஆனி, ஆடி மழை சுவரைச் சோதிக்கட்டும். அதே மாதங்களில் தரையும் காயும். அதில் தேறிய அறைக்கு ஆவணியில் டைல்ஸும் மரவேலையும் தொடங்கலாம். ஆடி மழையில் ஒரு மூலை நனைந்தாலும் நான்காம் படிக்குத் திரும்ப வேண்டும். அந்த மூலைக்கு மேலே ஓடையோ கூரைக் குழாயோ எங்கோ தவறியிருக்கிறது.

குடிபுகுந்த பிறகு ஆண்டுதோறும் புரட்டாசியில் ஒரு பகல் ஒதுக்குங்கள். மாடிக் குழாய்களில் அடைத்த இலைகளை எடுத்து, குறுக்கு ஓடையின் வாயில் சேர்ந்த மண்ணை வாரி, கசிவுத் துளைகளைக் கம்பியால் குத்திவிட்டு, ஆர்.சி.சி.பி.யின் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். பிறகு மேட்டுப் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.